செடிகளுக்கு விலாசம் கிடைத்தது

அத்தியாயம் பதினான்கு

ஜவுளிக்காரர் வீட்டை விற்றது உங்களுக்குத் தெரியும். அவருடைய ஒரே மகள் வந்து பார்த்துவிட்டு, "வேற எதுவும் வேண்டாம்பா, வாசல்ல நிக்கிற ரெண்டு பெரிய செடிய மட்டும் குடுங்க" என்று கேட்டதும் தெரியும். செடியைக் கேட்டவள் அப்பாவைக் கேட்கவில்லை. கேட்கட்டும் என்று அவரும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

இன்று செடிகள் கிளம்புகிற நாள்.

ஜவுளிக்காரருக்கும் இன்றே கெடு. ஸ்டேஷனரிக் கடை ஒன்றின் மாடியில் ஒற்றை அறை பார்த்து வைத்திருந்தார். "இன்னொருத்தரும் கேட்டுட்டுப் போயிருக்கார். உங்களுக்காக நாளைக்குச் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். அதுக்கு மேல என்னைக் குத்தம் சொல்லக்கூடாது" என்று கடைக்காரர் நேற்றே சொல்லிவிட்டார். வீட்டை வாங்கியவரோ அடுத்த வாரம் குடிவருகிறார்.

நான்கு மணிக்குள் மகள் "எங்ககூட வந்துடுங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மாடி அறை வேண்டாம். சொல்லாவிட்டால் அதுதான் இனி வீடு.

இவரே வாய் திறந்து கேட்டால் முத்தா உதிர்ந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மனிதர் நாற்பது வருஷம் துணி விற்றவர். வந்தவர் துணியைத் தடவட்டும், உதறிப் பார்க்கட்டும், வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்க்கட்டும். 'இது என்ன விலை' என்று அவர் வாயிலிருந்து வரும்வரை இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதலில் பேசுகிறவருக்கு அவசரம் என்று அர்த்தம். தன் அவசரத்தை எதிராளிக்குக் காட்டாமலே அறுபத்தெட்டு வயது வந்துவிட்டது. இனிமேல் எங்கே போய்ப் புதிதாகக் கற்றுக்கொள்வது?

மனைவி இருந்தவரை வீட்டில் பேச்சுப் பட்டுவாடா முழுவதும் அந்த அம்மாளின் பொறுப்பு. அவர் போய் ஆறு வருஷம். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் போனில் பேசுவது தந்தி அடிக்கிற மாதிரிதான். சாப்பிட்டாச்சா, ஆச்சு. மழையா, இல்ல. சரி, வெச்சிடறேன்.

ஏழு மணிக்கே மினி லாரி வாசலில் வந்து நின்றது.

இறங்கியவர் நர்சரிக்காரம்மா. ஐம்பது வயது. முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் கத்தரி. கூட இரண்டு ஆட்கள். ஒருவர் நெட்டை. இன்னொருவர் வாயே திறக்காதவர். பேச்சுக்குக் கூலி இல்லை என்று தெரிந்து வைத்திருந்தார்.

"நேத்து தண்ணி விட்டீங்களா ஐயா?"

"சாயங்காலம் ரெண்டுக்கும் நெறைய ஊத்திட்டேன்."

நர்சரிக்காரம்மா குனிந்து மண்ணைக் கிள்ளி உள்ளங்கையில் பிசைந்து பார்த்தார். உருண்டை பிடித்தது. "ம். சொன்ன பேச்சைக் கேக்கற ஆளு. உங்களை மாதிரி நாலு கஸ்டமர் இருந்தா நான் எப்பவோ மாடி கட்டியிருப்பேன்."

நந்தியாவட்டை ஜன்னலுக்கு இந்தப் பக்கம், செம்பருத்தி அந்தப் பக்கம். இரண்டும் ஆள் உயரத்தைத் தாண்டிப் பல வருஷம். இந்த மாதிரி வயசான செடியை நினைத்த மாத்திரத்தில் பிடுங்கி நட முடியாது. இரண்டு மாதத்துக்கு முன்பே நர்சரிக்காரம்மா வந்து, ஒவ்வொரு செடியைச் சுற்றியும் பாதி வட்டத்துக்குப் பள்ளம் தோண்டி, வெளியே நீண்டிருந்த வேர்களை நறுக்கி, மணலும் மக்கிய இலையும் போட்டு மூடிவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து மறுபாதி. வெட்டுப்பட்ட இடத்தில் முடி மாதிரி புதுவேர் விட வேண்டும். விட்டால்தான் போகிற இடத்தில் பிழைக்கும்.

"திடீர்னு போய் காலி பண்ணுன்னா செடி என்ன பண்ணும் பாவம்? முன்கூட்டியே காதுல போட்டு வைக்கணும்" என்றார் அன்றைக்கு.

செடிக்கு இரண்டு மாத நோட்டீஸ். ஜவுளிக்காரருக்கு அதுகூட யாரும் கொடுக்கவில்லை. தனக்குத் தானே கொடுத்துக்கொண்டார்.

வேலை ஆரம்பித்தது. நெட்டை ஆள் கிளைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கயிற்றால் சுற்றிக் கட்டினார். நர்சரிக்காரம்மா தலையில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்துத் தள்ளினார். பூவும் மொட்டுமாகக் கொத்துக்கொத்தாக விழுந்தது.

"இவ்வளவு வெட்டணுமா?"

"வேரு பாதியாயிடுச்சு ஐயா. தலை மட்டும் முழுசா இருந்தா யாரு சோறு போடறது? வரவுக்குத் தகுந்த குடும்பம் இருக்கணும்."

அப்புறம் கிழக்குப் பக்கத்துக் கிளை ஒன்றில் சிவப்புத் துணி கட்டினார். இங்கே கிழக்கே பார்த்திருந்தது அங்கேயும் கிழக்கே பார்க்க வேண்டுமாம். தண்டில் மண் தொட்டிருந்த மட்டத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அங்கேயும் அதே ஆழம்தான். ஒரு விரல்கூடக் கீழே போகக் கூடாது.

ஜவுளிக்காரர் இதையெல்லாம் மெனக்கெட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். போகிற இடத்திலும் அதே திசை, அதே ஆழம், அதே வெயில். மனிதனுக்கு இவ்வளவு பார்த்து யார் இடம் மாற்றுகிறார்கள்?

இரண்டு ஆட்களும் பழைய பள்ளத்தின் வழியே இறங்கித் தோண்டினார்கள். அடியில் கடப்பாரை போட்டு, இந்தப் பக்கம் சாய்த்து ஈரச் சாக்கைச் செருகி, அந்தப் பக்கம் சாய்த்து உருவி, மண் உருண்டையை மூட்டை கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டினார்கள். பலகையைச் சாய்த்து வைத்து லாரியில் ஏற்ற ஒன்பதரை ஆகிவிட்டது.

"தண்டைப் பிடிக்காதே, மண்ணைப் பிடி, மண்ணைப் பிடி!" என்று நர்சரிக்காரம்மா கத்திக்கொண்டே இருந்தார்.

இரண்டும் ஏறிய பிறகு வாசலில் இரண்டு குழிகள் இருந்தன. ஜன்னல் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. உள்ளே சுவர் ஓரத்தில் கட்டி வைத்திருந்த நான்கு அட்டைப் பெட்டிகளும் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்தன.

நர்சரிக்காரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஆமா, நீங்க எங்க போறீங்க ஐயா?"

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா? செடிக்கு அட்ரஸ் குடுத்துட்டீங்க, கதவு நம்பரோட. உங்களுக்கு இல்லையா?"

நெட்டை ஆள் சிரித்தார். ஜவுளிக்காரரும் சிரித்தார். கடைக்காரச் சிரிப்பு. உதட்டோடு நிற்கும்.

"முன்னாடி உக்காருங்க, போலாம்."

"பின்னாடி உக்காந்துக்கறேன். பிடிச்சுக்க ஆள் வேணும்ல."

"அதான் கயிறு பிடிச்சிருக்கே."

"கயிறுக்குத் துணைக்கு."

காற்று பட்டால் இலை காயும் என்பதால் லாரி மாட்டுவண்டி வேகத்தில் போயிற்று. ஜவுளிக்காரர் இரண்டு செடிகளுக்கு நடுவில், ஈரச் சாக்குப் பக்கத்தில் பலகைமேல் உட்கார்ந்திருந்தார். சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னல்களில் இருந்தவர்கள் இலைகளுக்குள்ளிருந்து ஒரு முகம் தெரிவதைப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் இந்தச் சாலையில் அவர் நடந்தால் நாலு பேர் நலம் விசாரிக்காமல் விடமாட்டார்கள். இன்று ஒருவர்கூடத் தலை அசைக்கவில்லை. அவர் கடை இருந்த இடத்தில் போன் உறை விற்கிறார்கள். அதையும் லாரி கடந்து போயிற்று.

மகள் வீட்டு வாசலில் குழிகள் தயாராக இருந்தன. முந்தின நாளே ஆட்கள் வந்து தோண்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

மகள் லீவு போட்டிருந்தாள். அவள் ஓர் ஆஸ்பத்திரிக்குச் சாமான் வாங்கும் பிரிவில் அதிகாரி. பஞ்சு முதல் படுக்கை வரை விற்க வருகிறவர்கள் எல்லாரும் அவள் மேஜை முன்னால் வியர்த்துவிட்டுத்தான் போவார்கள். யார் பெண்? ரத்தம் எங்கே போகும்?

"வாங்கப்பா" என்றாள். "பின்னாலயா உக்காந்து வந்தீங்க?"

"காத்தோட்டமா இருந்தது."

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

தந்தி முடிந்தது. மகள் நர்சரிக்காரம்மா பக்கம் திரும்பினாள். பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல் இவர்களுடைய கூடத்துக்குள் நேராகப் பார்க்கும். அதை மறைக்கத்தான் இவ்வளவு பெரிய செடிகள். சிறியதை வைத்து வளர்த்தால் பத்து வருஷம் அவர்களுக்குச் சினிமா காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

"செம்பருத்தி ஒரு அடி தள்ளி வரணுமே."

"குழி தோண்டியாச்சும்மா. நீங்க போன்ல சொன்ன இடம்தான்."

"நான் சொன்னது கம்பத்துலேர்ந்து நாலு அடி. இது மூணு."

"மூணரை."

"டேப் எடுத்துட்டு வரட்டுமா?"

நர்சரிக்காரம்மா நெட்டை ஆளைப் பார்த்தார். நெட்டை ஆள் மண்வெட்டியை எடுத்தார். ஜவுளிக்காரர் மனதுக்குள் சபாஷ் போட்டார்.

"நிழல் வலை கட்டித் தரேன்னு சொன்னீங்க. எங்க?"

"லாரில இருக்கும்மா."

"சரி. ஆறு மாசத்துக்கு காரண்டி?"

"எதுக்கு, செடிக்கா?" நர்சரிக்காரம்மா இடுப்பில் கை வைத்தார். "இதோ உங்கப்பா நிக்கிறார். இவருக்கு யாராச்சும் காரண்டி குடுப்பாங்களா? வயசானதை இடம் மாத்தினா அப்படித்தான். வந்த எடம் பிடிச்சா வேர் விடும். பிடிக்கலைன்னா நின்னுட்டே இருக்கும், ஒரு நாள் தொட்டுப் பார்த்தா உள்ளே காஞ்சிருக்கும்."

மகள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா குழியைப் பார்த்தார்.

மத்தியானத்துக்குள் நந்தியாவட்டை இறங்கிவிட்டது. சுண்ணாம்புக் கோடு மண்மட்டத்துக்குச் சரியாக வந்தது. சிவப்புத் துணி கிழக்கே பார்த்தது. மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, தண்ணீர் விட்டு அமுக்கி, மறுபடி தள்ளினார்கள். செம்பருத்திக் குழியை ஓர் அடி நகர்த்தியதில் கல் தட்டி, அது முடிய மூன்று மணி ஆயிற்று. சுற்றிலும் வரப்பு கட்டிப் பாத்தி போட்டார்கள்.

"இப்பத்தான் முக்கியமான விஷயம்" என்றார் நர்சரிக்காரம்மா. "மூணு மாசம் தினம் காலைல தண்ணி விடணும். மெதுவா. குழாயத் தொறந்து விட்டுட்டு உள்ள போய் டிவி பாக்கறது இல்ல. பக்கத்துல நிக்கணும். பாதி இலை கொட்டும். பயப்படக்கூடாது. கொட்டிட்டுத் துளிர்க்கும். யாரு பாத்துக்கறது? ஆளைக் காட்டுங்க."



ஜவுளிக்காரருக்கு இதயம் ஒரு தடவை தடுக்கி விழுந்து எழுந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவளுக்கு வாய்க்காது. 'அப்பா பாத்துப்பார், இங்கதான் இருக்கப் போறார்' என்றால் முடிந்தது கதை. அவர் ஆகாயத்தைப் பார்த்தார். மேகம் ஒன்றும் விசேஷமாக இல்லை.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரித்துப் போட்ட துணியைத் தொட்டுக்கொண்டே விலை கேட்காமல் நிற்கிற வாடிக்கையாளரை அவருக்கு நன்றாகத் தெரியும். மகளின் முகம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. ஆனால் விற்கிற இடத்தில் இருப்பவர் யார், வாங்குகிற இடத்தில் இருப்பவர் யார் என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"பாத்துக்கலாம்" என்றாள் மகள் கடைசியில்.

"உங்க வீட்டுல எல்லாரும் 'பாக்கலாம்' பரம்பரையா?" என்று கேட்டுவிட்டு நர்சரிக்காரம்மா நிழல் வலையை எடுக்கப் போனார்.

ஜவுளிக்காரர் கை கழுவ உள்ளே போனார். கூடத்தை ஒட்டிக் கீழே ஓர் அறை. கதவு திறந்திருந்தது. புதுச் சுண்ணம் அடித்த வாசனை. உயரமான ஒற்றைக் கட்டில், உறை பிரிக்காத மெத்தை. குளியலறைச் சுவரில் பிடித்து எழுந்துகொள்ளப் பளபளவென்று கைப்பிடி. ஜன்னலுக்கு வெளியே, கயிற்றுக் கட்டோடு நந்தியாவட்டை.

சம்பந்தியம்மாவுக்கு முட்டிவலி. மாப்பிள்ளையின் அம்மாவான அவருக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. 'நான் உங்களோட வந்துடட்டுமாடா?' என்று போன மாதமே மகனிடம் நேரடியாகக் கேட்டுவிட்டார் என்று இவர் காதிலும் விழுந்திருந்தது. கைப்பிடி வேறு யாருக்கு?

பின்னால் மகள் வந்து நின்றாள்.

"ரூம் நல்லா இருக்கே" என்றார்.

"பிடிச்சிருக்காப்பா?"

"யாருக்குத்தான் பிடிக்காது?"

"ம்."

அவர் கதவு நிலையைத் தடவிப் பார்த்தார். நல்ல வேலைப்பாடு. மகள் மெத்தை உறையின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தாள். கூடத்துக் கடிகாரம் மட்டும் கூச்சமில்லாமல் பேசிக்கொண்டிருந்தது.

"டீ போடறேன்" என்று அவள் போய்விட்டாள்.

மணி மூன்று ஐம்பது.

ஜவுளிக்காரர் வீட்டின் பக்கவாட்டில், தண்ணீர்க் குழாய்க்கு அருகில் போய் நின்று ஸ்டேஷனரிக் கடைக்காரரைக் கூப்பிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கலகலப்பாக, "நான்தான். ரூமை எடுத்துக்கறேன். ஆமாமா, சந்தோஷம்தான். இன்னிக்கே வந்து சாவி வாங்கிக்கறேன். வாக்குன்னா வாக்கு" என்றார். இரண்டு ஜோக்கும் அடித்தார். போனை மடக்கிப் பைக்குள் போட்ட பிறகு, எதற்கென்று தெரியாமல், குழாயைத் திறந்து மறுபடி ஒரு முறை கை கழுவினார்.

டீ வந்தது. கொண்டுவந்தவர் மாப்பிள்ளை. மகள் வரவில்லை.

மாப்பிள்ளை பகலெல்லாம் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு செடிகளைச் சுற்றி வந்தார். செடிக்கு முட்டுக்கொடுத்திருந்த கம்பைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் தெரிந்தவர் மாதிரி "ஸ்ட்ராங்கா இருக்கு" என்றார். ஆட்கள் வலையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, கட்டில் உயரம் போதுமா?"

"எந்தக் கட்டில்?"

"கீழ் ரூம்ல. கடைல ரெண்டு அளவு இருந்தது. உங்களுக்கு இடுப்பு வலி, எந்திரிக்கும்போது கஷ்டப்படுவீங்கன்னு அவதான் உயரமானதைக் கேட்டு வாங்கினா."

ஜவுளிக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கா?"

"பின்ன யாருக்கு? அந்தக் கைப்பிடியை மாட்ட ஆளைத் தேடி நான் பட்ட பாடு!" மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க மாமா. நானும் ஒரு மாசமா அவகிட்ட சொல்லிட்டிருக்கேன், ஒரு வார்த்தை கூப்பிட்டுடேன்னு. 'நாமா கூப்பிட்டா கடமைக்குக் கூப்பிடறோம்னு அப்பா நினைச்சுப்பார். அவரா கேட்டாத்தான் மனசார வர்றார்னு அர்த்தம். அவர் கேக்கட்டும்'னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. நீங்க எப்ப கேக்கறதா இருக்கீங்க?"

நாற்பது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை. கடைக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு. அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று வெளியில் தேட வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் கடையில் வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள்தானே.

சமையலறைக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். ஜவுளிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். ஸ்டேஷனரிக் கடைக்காரரிடம் கொடுத்த வாக்கு நடுவில் ஒரு முறை குறுக்கே வந்து நின்றது. அதைக் கையால் விலக்கிவிட்டுப் போனார். வாழ்நாளில் வாக்கு மாறாதவர். மாறினால் என்ன, ஒரு தடவை மாறிக்கொள்கிறேன் என்று இருந்தது.

மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகு தெரிந்தது.

"பாப்பா."

"ம்."

"அந்த ரூம் எனக்கு வேணும்."

சொல்லிவிட்டார். உலகம் இடிந்து விழவில்லை. அவ்வளவு சின்ன வாக்கியம்.

மகளின் கை நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பியவளின் முகத்தைப் பார்த்ததும், இது விற்றுப்போன சரக்கு என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"இப்ப வந்து கேக்கறீங்களே அப்பா."

"இப்பத்தான் கேக்கறேன்."

"நீங்க குழாய்கிட்ட நின்னு போன் பேசினது ஜன்னல் வழியா கேட்டுது. ரூம் எடுத்துக்கறேன்னீங்க. சிரிச்சுட்டே சொன்னீங்க. சந்தோஷம்னீங்க."

"வியாபாரத்துல அப்படித்தான் சொல்லணும்."

"என்கிட்ட சொல்லணும்னுகூடத் தோணலையேன்னு ஆத்திரம் வந்துது. கை சும்மா இருக்கல. அத்தைக்குப் போன் பண்ணிட்டேன். கீழ் ரூம் ரெடியா இருக்கு, வந்துடுங்கன்னு சொல்லிட்டேன்." அவள் ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருபது நிமிஷம் ஆச்சு. வெள்ளிக்கிழமை வர்றாங்க. அழுதுட்டாங்கப்பா, சந்தோஷத்துல. அவங்ககிட்ட போய் எப்படி இல்லன்னு சொல்லுவேன்?"

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல."

வெளியே மாப்பிள்ளை நெட்டை ஆளிடம் வலை எத்தனை நாள் தாங்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஒருவர் பார்த்துவிட்டுப் போன துணியை இன்னொருவருக்குக் கிழித்துக் கொடுத்த பிறகு முதல் ஆள் திரும்பி வந்தால், கடையில் அவருக்கென்று ஒரு முகம் உண்டு. ஜவுளிக்காரர் அந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டு அதை மாட்டுவது இதுதான் முதல் தடவை.

"நல்லதுதான். அவங்களுக்கு முட்டிவலி. கீழ் ரூம்தான் சரி."

"அப்பா..."

"கட்டில் உயரமும் சரியா இருக்கு."

குழாயை யாராவது மூட வேண்டும். அவரே எட்டி மூடிவிட்டு வெளியே வந்தார்.

நர்சரிக்காரம்மா சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். "கடைசியா கேக்கறேன். தண்ணி யாரு விடறது?"

"நான்" என்றார் ஜவுளிக்காரர். "காலைல ஆறு மணிக்கு வந்துடுவேன். தினமும்."

"எங்கிருந்து வருவீங்க?"

"நாலு ஸ்டாப் தள்ளி."

"அட, அட்ரஸ் கிடைச்சிடுச்சா? கையக் குடுங்க!" மண் கையாலேயே குலுக்கினார். "ஏறுங்க, போற வழில இறக்கி விடறேன்."

"நீங்க போங்க. கொஞ்ச நேரம் நின்னுட்டு வரேன்."

லாரி போயிற்று. மாப்பிள்ளை மாடிக்குப் போனார். ஜவுளிக்காரர் இரண்டு செடிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வலைக்கு உள்ளே, கயிறு கட்டி, முடி வெட்டி, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள் மாதிரி இருந்தன. பூ என்று சொல்ல ஒன்றுகூட மிச்சமில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒன்றும் தெரியாது என்று புரிந்துகொண்டு உள்ளே போனார்கள்.

பொழுது சாய்ந்து கேட்டருகே போகும்போது மகள் பின்னால் வந்தாள்.

"கேட் சாவி ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கு. குடுத்துடட்டுமாப்பா?"

"எதுக்கு? மணி அடிக்கிறேன்."

"ஆறு மணிக்கு..."

"மணி அடிக்கிறேன்மா. நீ சிரமப்படாதே."

தெருவில் இருபது அடி வைத்த பிறகுதான் உறைத்தது. இரண்டு மாதத்தில் அவள் முதல்முறையாக வாய் திறந்து ஒன்று கொடுக்க வந்தாள். இவர் வேண்டாம் என்றுவிட்டார். யோசித்துச் சொன்னதில்லை. எதிராளி முதலில் சொன்னதற்கு உடனே தலையாட்டக் கூடாது என்று நாக்கு பழகியிருந்தது. அதுவே சொல்லிக்கொண்டது.

பரவாயில்லை. இதற்கும் கடைத்தெருவில் ஒரு வழி உண்டு. படியாத வாடிக்கையாளர் கடையை விட்டு இறங்கி நடப்பார். வேகமாக நடக்கமாட்டார். 'இந்தாங்க, இங்க வாங்க, எதுக்குக் கோவிச்சுக்கறீங்க' என்று கடைக்காரர் கூப்பிட வேண்டும். கூப்பிடுவார். பத்துக்கு ஒன்பது பேர் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஜவுளிக்காரர் மெதுவாக நடந்தார். இடுப்பு வலிக்காரர் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. காது இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. ஒரு சைக்கிள் போயிற்று. எங்கோ பிரஷர் குக்கர் கத்தியது. மின்கம்பத்தைத் தாண்டினார். மூடியிருந்த மருந்துக் கடையைத் தாண்டினார். ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வேறு வீடு.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தார். கேட் சாத்தியிருந்தது. உள்ளே அவள் நிற்கிறாளா, போய்விட்டாளா என்பது தெரியவில்லை. மதில் மேலே செம்பருத்தியின் தலை மட்டும் தெரிந்தது. மறைப்புக்கென்று நட்டது, நன்றாகவே மறைத்தது.

பஸ் ஸ்டாப்பில் நின்றார். முதல் பஸ் வந்தது. ஏறவில்லை.

இரண்டாவது பஸ்ஸின் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறலையா பெரியவரே?" என்றார்.

"அடுத்ததுல வரேன்."

இருட்டிவிட்டது. தெருவில் யாரும் வரவில்லை. நாளைக்குக் காலை ஆறு மணிக்கு அந்தக் கேட்டில் மணி அடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சம்பந்தியம்மா வந்து திறப்பார். 'வாங்க அண்ணா' என்று உள்ளே கூப்பிடுவார். விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி.

அப்போதுதான் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கிற அவசரத்தில் கைதவறிக் கீழே விழ இருந்தது. பெயரைக்கூடப் பார்க்காமல் காதில் வைத்து, "சொல்லும்மா" என்றார்.

"ஐயா, நான் ஸ்டேஷனரிக் கடை. ரூமைப் பெருக்கித் தொடச்சு வெச்சாச்சு. ஃபேன் போட்டுப் பார்த்தேன், நல்லா சுத்துது. கடை சாத்தற நேரம் ஆச்சு, உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கேன். எப்ப வரீங்க?"

ஜவுளிக்காரர் தெருமுனையை இன்னொரு தடவை பார்த்தார். இந்த ஊரில் இந்த நேரத்தில் அவருக்காக ஓர் ஆள் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முன்பின் பழக்கமில்லாத ஆள்.

"வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது பஸ்ஸுக்குக் கையைக் காட்டினார்.